சார்ஜ் ஏறும் நேரம்

"அறுபத்தெட்டு சதவீதம் இருக்கே, திருச்சி தாண்டிப் போட்டுக்கலாம்ல?" என்றான் எட்வின். செண்பகவல்லி துவரங்குறிச்சி ஓட்டல் வாசலில் இருந்த சார்ஜர் பக்கம் காரைத் திருப்பினாள். ஓட்டலுக்குப் பின்தெருவில்தான் அவள் அண்ணன் முத்திருளன் வீடு. எட்வினைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, ஆறு வருடமாக, அண்ணன் அவளோடு பேசுவதில்லை. மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும்போதெல்லாம் அவள் இங்கேதான் நிறுத்துவாள். தெருமுனையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். எட்வினுக்கும் அது தெரியும். டீ வாங்கி வருவதாகச் சொல்லி இறங்கிப் போனான்.

அன்றைக்கு முத்திருளன் வந்துவிட்டான். பார்சல் வாங்க பைக்கில் வந்தவன், அவளைக் கண்டதும் காலை ஊன்றி அப்படியே நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சார்ஜரைப் பார்த்துக் கேட்டான். "இது ஏற எவ்வளவு நேரமாகும்?"

திரையில் இன்னும் பன்னிரண்டு நிமிடம் என்றிருந்தது.

"ஒரு மணி நேரம் ஆகும்ணே."

அவன் குனிந்து திரையைப் படித்தான். பிறகு பைக்கை ஓரமாகத் தள்ளி ஸ்டாண்ட் போட்டான்.