தம்பி தோட்டத்து இலை

"மேடம், அந்த ஆளை நம்பாதீங்க. அவர் தோட்டத்துல மிளகாயே கிடையாது."

வரிசையின் பின்னாலிருந்து குரல் கொடுத்தார், ஊர்த் தோட்டங்களுக்கெல்லாம் உரம் ஏற்றிப் போகும் உரவண்டிக்காரர்.

சந்தை நாளில் மரத்தடியில் மேஜை போட்டு, நோய் பிடித்த செடிகளைப் பார்த்து இலவசமாக வைத்தியம் சொல்கிற பயிர் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். எதிரே, பிளாஸ்டிக் பையில் மிளகாய்ச் செடியோடு கத்தரித் தோட்டக்காரர்.

"என்னங்க, இது உங்க செடி இல்லையா?"

"இல்லீங்க. என் தம்பியோடது."

"அவர்கிட்ட கேட்டுட்டா எடுத்தீங்க?"

"எங்க கேட்கிறது? எல்லைத் தகராறு. நடுவுல வேலி போட்டுட்டான். பேச்சுவார்த்தை நின்னு ரொம்ப நாளாச்சு. வேலிக்கு மேல கையை நீட்டிப் பிடுங்கினேன்."

வரிசையில் சிரிப்பு.

"பார்த்தீங்களா? தம்பி பயிர் எப்போ சாகும்னு ஜோசியம் கேட்க வந்திருக்காரு. வரிசையில நிக்கிற நம்ம பொழப்புதான் கெடுது" என்றார் உரவண்டிக்காரர்.

டாக்டரம்மாவுக்கும் எரிச்சல்தான். இருந்தாலும் செடியை ஒரு வெள்ளைத்தாளின் மேல் தட்டினார். பொடிப்பொடியாக ஏதோ ஊர்ந்தது.

"இலைப்பேன். விட்டா தோட்டம் பூராவும் சுருட்டிடும்."

கத்தரித் தோட்டக்காரருக்கு முகம் செத்துப் போயிற்று.

"காப்பாத்த வழி இருக்காம்மா? இந்த வருஷம் அவன் வீட்டு அடுப்பு எரியறதே இந்த மிளகாயை நம்பித்தான்."

உரவண்டிக்காரர் வரிசையை விட்டு முன்னால் வந்து செடியை எட்டிப் பார்த்தார்.

"இருக்கு. ரொம்பச் சுருண்டதைப் பிடுங்கி அப்புறப்படுத்தணும். மத்ததுக்கு வேப்பெண்ணெயைச் சோப்புத்தண்ணியில கலந்து, வெயில் தாழ்ந்ததும் அடிக்கணும். இலையோட அடிப்பக்கம் நல்லா நனையணும்."

கத்தரித் தோட்டக்காரர் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. நான் மாத்திச் சொல்லிடக் கூடாது."

டாக்டரம்மா நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னார். "அவரையே இங்கே வரச் சொல்லலாமே?"

"நான் வர்ற இடத்துக்கு அவன் வர மாட்டான். ரோஷக்காரப் பய."

"பேசவும் மாட்டார், வரவும் மாட்டார். அப்புறம் எப்படி அவருக்கு இதைச் சொல்லுவீங்க?"

கத்தரித் தோட்டக்காரர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அவனுக்கு எங்க சொல்றேன்? வேலியோரமா என் மாட்டை ஓட்டிட்டுப் போய், அதுகிட்ட சத்தமாச் சொல்லுவேன். போன தடவை நான் மாட்டுக்குச் சொன்ன வாழை வைத்தியத்தை, தம்பி மறுநாளே பிசகாம பண்ணிட்டாம்மா."