வரைபடத்தில் இல்லாத தூண்கள்

அந்த வெளிநாட்டுப் பெட்டியை மாலை நான்கு மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. அதன் வழியாகப் போகும் போன் பேச்சையெல்லாம் வேறெங்கோ உட்கார்ந்து யாரோ கேட்கிறார்கள் என்று சந்தேகம். கடற்கரை செல்போன் டவரின் அடியில் இருந்த சின்ன அறையில், பாதுகாப்புத் துறை அதிகாரி மங்கையர்க்கரசி சுவிட்சில் கை வைத்தபோது டெக்னீஷியன் அமலதாஸின் போன் அடித்தது.

"என் தம்பி மேடம், கடல்ல இருக்கான்" என்று அவன் ஸ்பீக்கரைப் போட்டான்.

"அண்ணே, மழையில கரையே தெரியல. தண்ணிக்குள்ள புதுசா தூணு தூணா நிக்குது. ஒண்ணுல படகு இடிச்சிருச்சு. ஆறு பேரு இருக்கோம். எந்தப் பக்கம் திருப்ப?"

அமலதாஸுக்குத் தெரியவில்லை. கடலோரக் காவலுக்காக ரகசியமாக நட்ட தூண்கள் அவை. எந்த வரைபடத்திலும் கிடையாது. அவற்றுக்கு நடுவே வழி எங்கே என்பது அந்த அறையில் மங்கையர்க்கரசிக்கு மட்டும்தான் தெரியும்.

"வேற லைன் இருக்கா?" என்று கேட்டாள்.

"இந்த ஏரியாவுக்கே இந்தப் பெட்டிதான் மேடம்."

போனில் பலகை நொறுங்கும் சத்தம் கேட்டது. யாரோ மாதாவைக் கூப்பிட்டு அலறினார்கள். அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்துப் போனை வாங்கினாள்.

"தம்பி, மூணாவது தூணைத் தாண்டுங்க. தாண்டினதும் இடது பக்கம் திருப்புங்க."

அவள் பேசப் பேசப் பெட்டியின் பச்சை விளக்கு நிதானமாகக் கண் சிமிட்டியது.

"கேக்கலங்க, இன்னும் சத்தமா சொல்லுங்க!" என்று போனில் தம்பி கத்தினான்.

அவள் விளக்கைப் பார்த்தபடியே சத்தமாகச் சொன்னாள்.