எட்டுப் போட்ட கயிறு

"என்னப்பா, இன்னைக்கும் சிக்கலா?"

கடைசி ஆளாகப் படகில் ஏறி உட்கார்ந்த அமிர்தசாமி குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்.

"ஆமாங்க சார். தோ, ஆயிடுச்சு" என்றான் படகோட்டி நல்லுசாமி. அவன் மடி நிறையத் தேங்காய் நார்க் கயிறு கிடந்தது.

கொள்ளிடத்தில் ஐப்பசித் தண்ணீர். ஸ்ரீரங்கத்துக் கரையிலிருந்து நேரே அக்கரைக்குத் தள்ளினால் ஆறு படகைக் கீழே கொண்டுபோய்விடும். அதனால் ஓர் ஆள் கரையோரமாக நடந்து, படகைக் கயிற்றால் கொஞ்ச தூரம் மேற்கே இழுத்துப் போவான். அதற்குப் பிறகுதான் கழி போட முடியும். கயிறு பிரிந்து வராவிட்டால் படகு நகராது.

"காலையிலே எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. கடைசி நடையிலேதான் இந்தக் கூத்து" என்றார் தினமும் இதே படகில் வரும் ரோசரி டீச்சர்.

"எங்க ஆபீஸ்லே ஒரு ஃபைல் நாடாவாவது சிக்கி நீ பார்த்திருக்கியாப்பா?" என்றார் அமிர்தசாமி.

"நான் உங்க ஆபீசுக்கு வந்ததே இல்லீங்களே சார்."

படகில் எல்லாரும் சிரித்தார்கள். அமிர்தசாமி சிரிக்கவில்லை.

"இதோ பாரு நல்லுசாமி. நாளைக்கு என் பொண்ணு பேட்ரிசியாவைப் பார்க்க எடமலைப்பட்டி புதூர்லேருந்து வர்றாங்க. இந்தக் கடைசிப் படகுலேதான் அவங்களை நான் கூட்டிட்டுப் போகணும். மாப்பிள்ளையோட அப்பா ரயில்வே கார்டு. தாமதம்னா அவருக்கு ஆகவே ஆகாதாம். நீ பாட்டுக்குக் கயித்தைப் பிரிச்சிக்கிட்டு உக்காந்திருந்தே, இந்த இடமே கைவிட்டுப் போயிடும்!"

"நல்லபடியா நடக்குங்க சார்."

"நீ சொன்னா ஆச்சா? நானே பார்த்துக்கறேன்."

மறுநாள் காலையில், இரண்டு மர முளைகளும் சுத்தியலுமாக வந்தார் அமிர்தசாமி. படகின் உள்பக்கத்தில் ஒரு முழ இடைவெளி விட்டு முளைகளை அடித்தார். கயிற்றை உதறி, அதில் மாட்டிக் காட்டினார்.

"ஒரே பக்கமா சுத்திக்கிட்டே போனா கயித்துக்கு முறுக்கு ஏறும். அதுதான் சிக்கலுக்குக் காரணம். இந்த முளையிலே இப்படி, அந்த முளையிலே அப்படி. எட்டு போடற மாதிரி மாத்தி மாத்தி. ஒரு சுத்துலே ஏறின முறுக்கை அடுத்த சுத்து எடுத்துடும். இழுத்துப் பாரு."

நல்லுசாமி நுனியைப் பிடித்து இழுத்தான். கயிறு சரசரவென்று வந்துகொண்டே இருந்தது.

"இனிமே சிக்கவே சிக்காதுங்களா?"

"நீயே நினைச்சாலும் சிக்காது."

"ரொம்ப நல்லா இருக்குங்க சார்" என்றான் நல்லுசாமி. அவன் முகம்தான் அவ்வளவு நல்லா இல்லை.

சாயங்காலம் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். கார்டு பிலோமின்ராஜ், அவர் மனைவி, டெரிலின் சட்டையில் மாப்பிள்ளை. பிலோமின்ராஜ் படகில் ஏறியதும் முதலில் கவனித்தது கயிற்றைத்தான்.

"அடடா, என்ன சுத்தம்! யார் செஞ்சது?"

"பொண்ணோட அப்பாதான்" என்றார் ரோசரி டீச்சர்.

"பேஷ்! கயித்தையே இவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கிறவர் காலத்தையும் ஒழுங்காத்தான் வச்சிருப்பார். ஆமா, துறையிலே நிப்பேன்னு சொன்னாரே, எங்கே?"

ரோசரி டீச்சர் கரையை எட்டிப் பார்த்தார். அக்கரையில் மாதா கோயில் மணி அடித்தது.

"எடு படகை!" என்று கரையிலிருந்து குரல் கொடுத்தார் துறைக் குத்தகைக்காரர்.

"ஐயா, சார் ஒருத்தர் வரணும்…"

"மணி அடிச்சாச்சு. ஆளுக்காகப் படகை நிறுத்தினே, இன்னையோட உனக்கு வேலை கிடையாது!"

நல்லுசாமி கயிற்றைப் பார்த்தான். இழுக்கிற ஆள் நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். எட்டு எட்டாகக் கயிறு பிரிந்து ஓடியது. படகு நகர்ந்தது.

பிலோமின்ராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பொண்ணு பார்க்க வர்ற நாளிலேயே இப்படின்னா…" என்று மனைவியிடம் முணுமுணுத்தார். மனைவி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது துறையில் ஒரு குடை தெரிந்தது. அதற்குக் கீழே, ஸ்வீட் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அமிர்தசாமி ஓடி வந்துகொண்டிருந்தார்.

"நிறுத்துப்பா! நிறுத்து!"

குத்தகைக்காரர் நல்லுசாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லுசாமியின் கால் மெல்ல நகர்ந்தது. முளையில் மிச்சமிருந்த கயிறு மொத்தமும் கீழே சரிந்து, துடுப்பிலும் வாளியிலும் போய் மாட்டிக்கொண்டது. கரையில் இழுத்தவன் ஒரு குலுக்கலோடு நின்றான். படகும் நின்றது.

"ஐயா, கயிறு சிக்கிடுச்சு!" என்று கத்தினான் நல்லுசாமி.

"பாழாப்போன கயிறு! சீக்கிரம் எடுடா!" என்றார் குத்தகைக்காரர்.

முழங்கால் தண்ணீரில் இறங்கி, மூச்சு வாங்கப் படகேறினார் அமிர்தசாமி. விருந்தாளிகளுக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு படகின் அடியில் கிடந்த குவியலைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"பார்த்தீங்களா சார்? காலையிலேதான் அப்படிப் படிச்சுப் படிச்சுச் சொல்லிக் கொடுத்தேன். இந்த ஆளாலேதான் உங்களுக்கு இவ்வளவு தாமதம். என்னை மன்னிச்சுக்கணும்."

"மன்னிச்சிருங்க சார்" என்று நல்லுசாமியும் சொல்லிவிட்டுக் குனிந்து சிக்கலைப் பிரிக்க ஆரம்பித்தான்.

பிலோமின்ராஜும் கூடக் குனிந்தார். ஒரு நுனியை எடுத்து அவனிடம் கொடுத்தபடி, மெதுவாகக் கேட்டார்:

"நீ காலாலே தட்டிவிட்டதைப் பார்த்தேம்ப்பா. தினமும் இதே வேலைதானா?"

"தினமும் இல்லீங்க. சார் லீவு போட்ட அன்னைக்குக் கயிறு நல்லாத்தான் வரும்."