பணிமூப்பில் முதலிடம்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு அனைவரும் இதுவரை நலம். எனக்கு வரவேண்டிய கண்காணிப்பாளர் பதவி கைநழுவிப்போனது. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் அடியில் பாறையைத் துளைத்தபோது, குழிக்குள் ஏதோ மூச்சு விட்டது. அதன் வயது இரண்டு கோடி ஆண்டு என்றார்கள் விஞ்ஞானிகள். உடனே மேலாளர் அதைப் பணிமூப்புப் பட்டியலில் முதலாவதாகச் சேர்த்துவிட்டார்.

"சார், அது வேலைக்கே சேரலையே!"

"உங்களுக்கு முன்னாடியே இங்கதானே இருக்கு? ஒருநாளாவது லீவு போட்டிருக்கா, சொல்லுங்க?"

பதவி உத்தரவை நானே கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கினேன். மறுநாள் கையெழுத்துடன் மேலே வந்தது. இனி 'அவர்' என்றே எழுதுகிறேன். நாற்காலி வேண்டாமாம், கூரையை மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்.

பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தக் கடிதத்தின் மேல் இப்போது வெயில் விழுகிறது.