தடுப்புக்கு அந்தப் பக்கம்

“ஆம்பளைங்க இடது பக்கம், பொம்பளைங்க வலது பக்கம். அடுத்தது யாரு?”

மேசைக்குப் பின்னால் இருந்த இளம்பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. அந்த விளையாட்டு அரங்கத்தின் நடுவே ஆளுயரத்துக்கு மேல் பலகைத் தடுப்பு. இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள். வசதியான ஊர் அல்லவா, மெத்தையும் போர்வையும் புத்தம் புதுசு. குழாயைத் திறந்தால் வெந்நீர்கூட வந்தது.

பெரியவர் மனைவியின் கையைப் பிடித்தபடி முன்னால் வந்தார்.

“எங்க ஊரைக் கடல் கொண்டுபோயிடுச்சும்மா. நாங்க ரெண்டு பேரு” என்று ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

“சரிங்க. அம்மா வலது பக்கம் போகட்டும்.”

“அவளுக்குக் காது சுத்தமா கேக்காது. நான்தான் உள்ளங்கையில எழுதிக் காட்டுவேன். என் பக்கத்துலயே இருக்கட்டுமே.”

“கஷ்டம்தான். ஆனா முகாம் விதி அப்படி.”

“இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவங்களை ஆடு மாடு மாதிரி பிரிச்சுக் கட்டுவீங்களா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பி முறைத்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

பணிப்பெண் ஒருத்தி வந்து அந்த அம்மாளிடம் ஏதோ சொன்னாள். அம்மாள் அவள் வாயையே பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. தோளைத் தொட்டு அழைத்துப் போனபோது, திரும்பித் திரும்பிக் கணவரைப் பார்த்துக்கொண்டே போனாள்.

சற்று நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் எதுவோ தடாலென்று விழுந்தது.

“என்னாச்சும்மா? விழுந்துட்டியா?”

கத்திய பிறகுதான் அது அவளுக்குக் கேட்காது என்பது அவருக்கு உறைத்தது. தடுப்பின் மேல் கை வைத்தபடி நின்றார்.

“நாற்காலிதான் சாஞ்சுது, அம்மா நல்லாத்தான் இருக்காங்க” என்று அந்தப் பக்கத்திலிருந்து பணிப்பெண்ணின் குரல் வந்தது.

அவருக்கு மனம் ஆறவில்லை. மேசைக்குத் திரும்பி வந்தார்.

“ராத்திரி தீப்பிடிச்சு மணி அடிச்சா அவளுக்கு எப்படித் தெரியும்? யார் எழுப்புவா? கொஞ்சம்கூட ஈவிரக்கம் இல்லாம இந்த விதியை எவன் போட்டான்? அவனை வரச் சொல்லு.”

அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“அவர் இங்கதான் நிக்கறார், தலைவரே. நாளைக்கு வரப்போற கடலோரத்து ஜனங்களுக்காக, போன மாசம் நகரசபையில நீங்க போட்ட விதிதான் இது. ஒத்திகை முடிஞ்சுது, தடுப்பைக் கழட்டச் சொல்லட்டுமா?”