'முத்து' எனக்கு வேண்டும்

"தர மாட்டேன்னா மாட்டேன். கெளம்பு பாய்" என்றார் ராயப்பன்.

நஜீருக்கு முகம் சுண்டிப்போனது. பூந்தமல்லியிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி, கொரட்டூரில் இருக்கும் இந்த ஸ்டெபிலைசர் பட்டறைக்கு அவன் வருவது இது மூன்றாவது தடவை.

விஷயம் இதுதான். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் அது. அச்சகங்களில் அப்போதுதான் கம்ப்யூட்டர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் தமிழ் டைப் அடிக்க ஒரு சாஃப்ட்வேர் எழுதினான் நஜீர். பார்த்த வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வருஷ உழைப்பு. எழுத்து முத்து முத்தாக விழுகிறதே என்று 'முத்து' என்றே பெயர் வைத்து, அதைப் பதிந்த இருநூறு பிளாப்பி டப்பாவுக்கு லேபிளும் அடித்து ஒட்டிவிட்டான்.

பெயரைப் பதியப் போனால், அதே பெயரை ராயப்பன் தன் ஸ்டெபிலைசருக்கு முன்பே பதிந்து வைத்திருந்தார். பிளாப்பியும் ஸ்டெபிலைசரும் பதிவு ஆபீஸ் கணக்கில் ஒரே வகையாம். ஆட்சேபணை இல்லை என்று ராயப்பன் ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றார் பெயரைப் பதிந்து தரும் ஏஜென்ட்.

"சார், உங்களுது இரும்புப் பொட்டி. என்னுது பிளாப்பி. யாரு சார் கொயம்பப் போறாங்க?"

"கொயம்புவாங்க. ஜனங்க பேரைத்தான் பாப்பாங்க."

"ஒரு கையெழுத்துதானே சார்? உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

"அத்த உன்னாண்ட சொல்லணுமா? ஆமா, இத்த எங்க விக்கப் போற?"

"கரையான்சாவடில லோகநாதன் அண்ணன் கம்ப்யூட்டர் கடை. அவர் வாங்கி வெச்சாத்தான் எங்க பக்கத்து பிரஸ்ஸுங்களுக்குப் போவும்."

"வேற பேர் வெச்சிகினு போய் வித்துக்கோ. 'முத்து'ன்னு போட்டே, கோர்ட்டுக்கு இட்டுகினு பூடுவேன்."

நஜீர் எழுந்து வந்துவிட்டான்.

"பேரு இன்னா அவரு அப்பன் ஊட்டு சொத்தா?" என்று வீட்டில் வந்து குதித்தான். சட்டப்படி கிட்டத்தட்ட அப்படித்தான். அது தெரிந்ததால்தான் அவ்வளவு குதித்தான்.

மனைவி நசீம் பானு ஒரு டப்பாவை எடுத்து லேபிளை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள்.

"விடுங்க. மனசு சுருங்கின ஆளுகிட்ட எத்தினி வாட்டி போவீங்க?"

ஒரு வாரம் இருவரும் உட்கார்ந்து இருநூறையும் சுரண்டினார்கள். சுரண்டிய ஒவ்வொரு லேபிளுக்கும் ராயப்பனுக்கு ஒரு வசவு கிடைத்தது. புதுப் பெயர் 'கோர்வை'.

மறுநாள் பயந்து பயந்து லோகநாதன் கடைக்குப் போனான். லோகநாதன் பிளாப்பியைப் போட்டு நாலு வரி அடித்துப் பார்த்தார்.

"பத்து காப்பி குடு பாய். பேரு இன்னா வெச்சிகிற?"

"கோர்வை, அண்ணே. மொதல்ல முத்துன்னுதான் வெச்சேன். கொரட்டூர்ல ஒரு மனுஷன் உடல. வயித்தெரிச்சல் புடிச்ச ஆளு."

லோகநாதன் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பேரோட வந்திருந்தா வாசப்படியிலயே திருப்பி அனுப்பிருப்பேன். போன வெயில்ல 'முத்து' ஸ்டெபிலைசர் மாட்டின ஊட்ல எல்லாம் டிவி பொகஞ்சு பூட்சு. உள்ளாற போடற செம்புக் காயில் குடுத்தவன் அவர ஏமாத்திட்டான். ஆனா ஜனங்க திட்றது பேரைத்தானே? இன்னிக்கும் முத்துன்னு சொன்னாலே கஸ்டமர் எயுந்து பூடுவான்."

"அத்த அவரே எங்கிட்ட சொல்லிருக்கலாமே அண்ணே?"

"வெக்கப்பட்டுகினாரு போல. ஆனா, போன வாரம் எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போனாரு: 'பேரைக்கூட கேட்டுகினு வெக்கிற புள்ள ஒருத்தன் வருவான். அவன் சரக்குல சூது இருக்காது. வாங்கி வையி லோகு.'"