ஆதாரம் எங்கே?

"நெசமாச் சொல்லு கயல்விழி. இதைய யாரு எழுதிக் குடுத்தாங்க?"

பேராசிரியர் கிருபாசங்கருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் லேசில் போகாது. காய்ச்சின பாலை மறுபடியும் காய்ச்சச் சொல்கிற ஆள்.

ஆர்.எஸ்.புரத்து வீட்டுக் கூடத்தில் அவருடைய ஆராய்ச்சி மாணவிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். சைத்ராவின் ஆய்வேட்டில் கையெழுத்து விழுந்துவிட்டது. அந்த வீட்டுக்கு முதல் தடவையாக வந்திருந்த கயல்விழியின் ஆய்வேட்டில் சிவப்பு வட்டம்தான் விழுந்தது. கையெழுத்து இல்லையென்றால் நாலு வருஷ உழைப்பும் குப்பைக்குத்தான்.

"நான்தானுங்க சார் எழுதினேன்."

"நவீன அமெரிக்கக் கவிதையில சமூக விமர்சனம். தலைப்பு சரி. கறுப்பினக் கவிஞர்களைப் பத்தி எழுதியிருக்கறதும் சரி. இந்த வரி? 'உலகம் மாறுகிறது, பாத்திரமும் மாறுகிறது. நீட்டுகிற கை மட்டும் மாறுவதில்லை.' எந்தப் புஸ்தகத்துல எடுத்தே?"

"எதுலயும் இல்லீங்க சார். எனக்காத் தோணுச்சுங்க."

"அமெரிக்காவையே பாக்காத புள்ளைக்கு எப்படித் தோணும்? கம்ப்யூட்டர் எழுதிக் குடுத்துச்சா?"

சைத்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

உள்ளேயிருந்து பேராசிரியரின் மனைவி வசந்தாமணி வந்தார். வாய் நிறையச் சிரிப்பு.

"வாங்க கண்ணுகளா. சைத்ரா நம்ம பொள்ளாச்சி அண்ணன் ஊட்டுக்குப் பக்கந்தான். நீ எந்த ஊரு அம்மணி?"

"அன்னூர்ப் பக்கமுங்க."

"அங்க எங்க? ஊருக்குள்ளயா?"

"இல்லீங்க. காலனிங்க."

"அப்படியா கண்ணு. இருங்க, காபி கொண்டாரேன்." சிரிப்புக் குறையாமலே உள்ளே போனார்.

பேராசிரியர் விடுவதாக இல்லை. "ஆதாரம் இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தக் கொடுமையெல்லாம் அமெரிக்காவுலயே மலையேறிப் போச்சு. இன்னும் மாறலைன்னு நீ எப்படி எழுதலாம்?"

காபி வந்தது. பேராசிரியருக்கும் சைத்ராவுக்கும் பளபளவென்று எவர்சில்வர் டம்ளர்.

"எடுத்துக்க அம்மணி, ஆறிப்போயிரும்."

வசந்தாமணி கயல்விழியிடம் நீட்டியது பேப்பர் கப்.

கயல்விழி வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. சிவப்பு வட்டம் போட்ட அந்த வரிக்கு மேலேயே கப்பை மெதுவாக வைத்தாள்.

"ஆதாரம் கேட்டீங்களேங்க சார்."